நாயின் வயிற்றில் புற்றுநோயா? முதல் சந்தேகத்திலிருந்து திசு அறிக்கை வரை: வேலூர்ப் பக்கத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு மண்ணீரலில் கட்டி வந்தபோது இந்த வழி முழுவதையும் நடந்து முடித்தேன். அப்புறம் காட்பாடி, சத்துவாச்சாரி, ஆற்காடு என்று தெரிந்தவர்கள் பலரோடு ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். பரிசோதனைக்குச் செலவழிக்க யாரும் தயங்குவதில்லை. தடுமாறுவது வரிசையில்தான். ஸ்டீராய்டு போட்ட பிறகு மாதிரி எடுக்கிறார்கள். வயிறு நிறையச் சோறு போட்டுவிட்டு ஸ்கேனுக்கு வருகிறார்கள். ஸ்கேனில் 'கட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் அதையே கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

நோயைக் கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை. சரியான தகவலை, சரியான நேரத்தில், சரியான நிலையில் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை. இங்கே எழுதியிருப்பது அந்தப் பாதியைப் பற்றி.

1. முதலில், இது அவசரமா என்று பாருங்கள்

வேறு எதற்கும் முன்னால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். ஈறே கறுப்பாக இருக்கும் நாய் என்றால் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள்.

ஈறு வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்திருந்தால், நாய் நிற்க முடியாமல் சரிந்தால், வயிறு திடீரென்று பெருத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். வயிறு முரசு மாதிரி இறுகி, வாந்தி வராமல் வெறுமனே ஓக்காளித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம் உண்டு.

வேலூரில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு ஒன்று உண்டு. நாய் மத்தியானம் மயங்கி விழுகிறது. சாயங்காலமோ மறுநாளோ எழுந்து வாலாட்டுகிறது. 'இந்த ஊர் வெயில் சார், சுருண்டுட்டான்' என்று விட்டுவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் நாய் மயங்குவது உண்மைதான். ஆனால் மண்ணீரலில் ரத்தக்குழாய்ப் புற்றுநோய் இருந்தாலும் இதேபோலத்தான் நடக்கும். கட்டி கொஞ்சம் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசியும், நாய் சரியும். கசிவு நின்று, கொட்டிய ரத்தத்தை உடல் மெல்ல உறிஞ்சிக்கொண்டதும் தெம்பு திரும்பிவிடும். அடுத்த கசிவு பெரிதாக இருக்கலாம்.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? வெயில் தாக்கிய நாய்க்கு உடம்பு கொதிக்கும், மூச்சு இறைக்கும், ஈறு பெரும்பாலும் செக்கச்செவேல் என்று இருக்கும். ரத்தம் கசிந்த நாய்க்கு ஈறு வெளுத்திருக்கும், காது நுனியும் பாதமும் சில்லென்று இருக்கும். நடுத்தர வயதைத் தாண்டிய ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் ஒருமுறை இப்படிச் சரிந்தால், எழுந்து நடந்தாலும் சரி, அந்த வாரத்துக்குள் வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

2. டாக்டரிடம் போகுமுன் ஒரு தாளில் எழுத வேண்டியவை

ஆஸ்பத்திரிப் பதற்றத்தில் பாதி மறந்துபோகும். அதனால் வீட்டிலேயே எழுதிவிடுங்கள். வயது, இனம், கருத்தடை ஆனதா, பெண் நாய் என்றால் கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது, ஆண் நாய் என்றால் இரண்டு விரையும் கீழே இறங்கியிருக்கின்றனவா. இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் யோசிப்பதில்லை. வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட விரையில் கட்டி வருவதற்கான வாய்ப்பு, இறங்கிய விரையைவிடப் பல மடங்கு அதிகம்.

அடுத்து, சாப்பாடு எப்போது குறைந்தது, வாந்தியில் என்ன வந்தது, மலம் தார் போலக் கறுப்பாக இருந்ததா, சிறுநீரில் ரத்தம் வந்ததா, தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறதா. மயக்கமோ நடுக்கமோ வந்தால் போனில் வீடியோ எடுங்கள். நாய் டாக்டர் முன்னால் அதைத் திரும்பச் செய்து காட்டாது.

எடையைப் பார்த்தால் மட்டும் போதாது. வயிற்றில் நீரோ கட்டியோ சேர்ந்தால் எடை குறையாமலே இருக்கலாம், சிலசமயம் கூடவும் செய்யும். அதே நேரம் முதுகெலும்பு துருத்தும், பின்தொடைச் சதை கரையும். முதுகின் மேல் கையை ஓட்டிப் பாருங்கள். வயிறு பெருத்து முதுகு மெலிந்தால் அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இதுவரை கொடுத்த மருந்துகள் எல்லாவற்றின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முக்கியமாக, மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால், இபுப்ரூபன், டைக்ளோபினாக் எல்லாமே நாய்க்கு ஆபத்து. வயிற்றுப் புண், கல்லீரல் பாதிப்பு என்று புதிய குழப்பங்களைக் கிளப்பி, அசல் நோயை மறைத்துவிடும்.

3. புற்றுநோய் மாதிரியே தெரியும் மற்ற நோய்களைத் தள்ளுங்கள்

நம் பக்கத்தில் முதலில் நினைக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா என்ற கிருமிகள் இரண்டும் இங்கே வருடம் முழுவதும் உண்டு. சோர்வு, வெளுத்த ஈறு, குறைந்த பிளேட்லெட், பெருத்த மண்ணீரல் என்று இவை காட்டும் அறிகுறிகள் எல்லாமே மண்ணீரல் புற்றுநோயிலும் வரக்கூடியவை. அதனால் ரத்தத் துளியை ஸ்லைடில் தேய்த்துப் பார்ப்பதும் உண்ணிக் காய்ச்சலுக்கான பரிசோதனையும் ஆரம்பத்திலேயே நடக்க வேண்டும்.

இதில் குழி இரண்டு பக்கமும் உண்டு. சிலர் ஸ்கேனில் 'மண்ணீரல் வீக்கம்' என்று பார்த்ததுமே புற்றுநோய் என்று ஒடிந்துபோகிறார்கள். மண்ணீரல் முழுவதும் சீராகப் பெருத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இன்னும் சிலர் 'உண்ணிக் காய்ச்சல் பாசிட்டிவ்' என்ற ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அதற்கான ஆன்டிபயாட்டிக் டாக்சிசைக்ளினைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனை, கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்து போனதையும் பாசிட்டிவ் என்றே காட்டும். ஒரே நாய்க்கு உண்ணிக் காய்ச்சலும் கட்டியும் சேர்ந்தே இருக்கலாம். மருந்துக்கு உடம்பு தேறவில்லை என்றால், அல்லது தேறித் திரும்பச் சாய்ந்தால், ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து ஓரிரு மாதத்தில் வயிறு பெருத்து, நிறையத் தண்ணீர் குடித்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அதுவும் அவசர அறுவை சிகிச்சைக்கு உரியது. இதய நோய், கல்லீரல் சுருக்கம், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைவது இவற்றாலும் வயிற்றில் நீர் கோக்கும். குட்டி என்றால் முதலில் பூச்சி மருந்தைப் பற்றிக் கேளுங்கள்.

ஆசனவாய்ப் பரிசோதனையும் நடக்கட்டும். டாக்டர் கையுறை போட்டு ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பார், ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆசனவாய்ப் பக்கத்துச் சுரப்பியில் பட்டாணி அளவில் இருக்கும் கட்டி, வயிற்றுக்குள் இடுப்புப் பகுதி முதுகெலும்புக்குக் கீழுள்ள நிணநீர் முடிச்சுகளை எலுமிச்சை அளவுக்கு வீங்க வைக்கும். ஸ்கேனில் வீங்கிய முடிச்சுகள் மட்டும் தெரியும். புற்று தொடங்கிய இடம் எங்கே என்று எல்லாரும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

4. ரத்தம், சிறுநீர்

ரத்தப் பரிசோதனையில் புற்றுநோய் 'தெரியாது'. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது காட்டுவது இரண்டு விஷயம்: எந்தப் பக்கம் தேட வேண்டும், மயக்க மருந்தையும் ஊசியையும் நாய் தாங்குமா.

ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, பிளேட்லெட், கல்லீரல், சிறுநீரகம், ஆல்புமின், சர்க்கரை, கால்சியம் இவ்வளவும் ஒரே தடவையில் கேட்டு வாங்குங்கள். கால்சியம் பட்டியலில் இல்லாமல் போவது அடிக்கடி நடக்கும். அது உயர்ந்திருந்தால் நிணநீர்ப் புற்றுநோய், ஆசனவாய்ச் சுரப்பிப் புற்றுநோய் இரண்டையும் தேட வேண்டும். சர்க்கரை காரணமில்லாமல் திரும்பத் திரும்பக் குறைந்தால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டியை நினைப்பார்கள்.

வேலூரில் ரத்தப் பரிசோதனை நிலையம் இல்லாத தெரு குறைவு. அதனாலேயே நாயின் ரத்தத்தைப் பக்கத்து லேபில் கொடுத்துவிடுகிறார்கள். மனித ரத்தத்துக்கு அமைத்த கருவி நாயின் அணுக்களைத் தவறாக எண்ணும். பிளேட்லெட் எண்ணிக்கையில் இது மோசமாக வெளிப்படும். அச்சில் வரும் 'சாதாரண அளவு' என்ற பத்தியும் மனிதனுக்கானது. நாய்க்கு ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, அதாவது பிசிவி, சுமார் 37 முதல் 55 சதவீதம். பிளேட்லெட் சுமார் 2 முதல் 5 லட்சம். கால்நடை மருத்துவர் வழியாக, நாய்க்கான அமைப்பு உள்ள கருவியில் பாருங்கள். பிளேட்லெட் குறைவு என்று வந்தால் ஸ்லைடில் கண்ணாலும் எண்ணச் சொல்லுங்கள், ஏனென்றால் அவை கட்டியாக ஒட்டிக்கொண்டு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும்.

சிறுநீரில் ரத்தம் வந்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீர்ப்பைக் கட்டியை நினைவில் வையுங்கள்.

5. வயிற்று ஸ்கேன்

இந்த வழியில் அதிகம் பலன் தருவதும் அதிகம் வீணாவதும் இதுதான்.

முந்தைய நாள் இரவு சாப்பாட்டோடு நிறுத்திவிடுங்கள், 8 முதல் 12 மணி நேரம் வயிறு காலியாக இருக்கட்டும். இரைப்பையில் சோறும் காற்றும் இருந்தால் அலைகள் கடக்காது, பின்னால் இருக்கும் கல்லீரலும் கணையமும் மறைந்துவிடும். தண்ணீரை நிறுத்தாதீர்கள். சர்க்கரை குறையும் நாய், குட்டி, ஏற்கெனவே சோர்ந்துபோன நாய் என்றால் எவ்வளவு நேரம் பட்டினி போடலாம் என்று டாக்டரைக் கேளுங்கள்.

காலையில் ஸ்கேனுக்கு முன் சிறுநீர் கழிக்க விடாதீர்கள். கடைசியாகக் கழித்து ஓரிரண்டு மணி நேரமாவது ஆகியிருந்தால் நல்லது. சுருங்கிய சிறுநீர்ப்பையின் சுவர் தடித்துத் தெரியும், கட்டி இருந்தாலும் புரியாது. காரிலிருந்து இறங்கியதும் நாய் முதல் கம்பத்தில் காலைத் தூக்கிவிடும். கதவைத் திறக்குமுன்பே கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்து நேரே உள்ளே கூட்டிப்போங்கள்.

வயிற்று முடியைச் சிரைக்கச் சம்மதியுங்கள். பொமரேனியன், கோல்டன் வளர்ப்பவர்கள் 'முடி அழகு போயிடுமே' என்று தயங்குவார்கள். முடிக்கு நடுவில் நிற்கும் காற்று படத்தைக் கெடுக்கும், ஜெல் எவ்வளவு பூசினாலும் தீராது. முடி சில மாதத்தில் வளர்ந்துவிடும்.

நாய் மல்லாந்து படுக்கும்போது தலைமாட்டில் நீங்கள் நில்லுங்கள். முன்கால்களை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, எப்போதும் பேசுகிற குரலில் பேசிக்கொண்டே இருங்கள். பழகிய குரல் கேட்டால் பல நாய்களுக்கு மயக்க மருந்தே தேவைப்படாது. சில மயக்க மருந்துகள், குறிப்பாக அசிப்ரோமசின், மண்ணீரலைப் பெருக்கிக் காட்டும். அப்படி ஏதும் போட்டிருந்தால் அது அறிக்கையில் எழுதப்பட வேண்டும்.

ஸ்கேன் செய்பவரிடம் இந்த ஐந்து கேள்விகளுக்கு விடை வாங்குங்கள். கட்டி எந்த உறுப்பில்? ஒன்றா, பலவா? எவ்வளவு செ.மீ.? உள்ளே கெட்டியா, ரத்தம் தேங்கிய குழிகளா? நிணநீர் முடிச்சுகள் வீங்கியுள்ளனவா, வயிற்றில் நீர் உண்டா? படங்களையும் கேட்டு வாங்குங்கள். சென்னைக்குப் போனால் புதிய ஸ்கேனோடு ஒப்பிட இவை வேண்டும்.

ஸ்கேன் 'எங்கே' என்று சொல்லும். 'என்ன' என்று சொல்லாது. மண்ணீரலில் தெரியும் கட்டி வெறும் ரத்தக்கட்டாகவோ புற்றுநோய் அல்லாத சாதுவான திசு வளர்ச்சியாகவோ இருக்கலாம். பார்வைக்கு ரத்தக்குழாய்ப் புற்றுநோய் மாதிரியே இருக்கும். ரத்தக் கசிவு இல்லாமல், வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகத் தெரிந்த மண்ணீரல் கட்டிகளில் சாதுவானவை கணிசமாக உண்டு. இந்த இடத்தில் நாயைக் கருணைக் கொலைக்குக் கொண்டுபோன வீடுகளை எனக்குத் தெரியும். நாய் வலியில் துடிக்காமல், ரத்தம் கசியாமல் இருந்தால் அவ்வளவு சீக்கிரம் முடிவெடுக்க வேண்டியதில்லை. தயவுசெய்து பொறுங்கள்.

6. வயிற்றில் நீர் இருந்தால்

ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். தெளிவான நீர் என்றால் ஆல்புமின், கல்லீரல், இதயம் பக்கம் தேடல் போகும். ரத்தமாக வந்தால் அது உறைகிறதா என்று பார்ப்பார்கள். வயிற்றுக்குள் ஏற்கெனவே கசிந்து கிடந்த ரத்தம் உறையாது. ஊசி தவறி ரத்தக்குழாயில் பட்டு வந்த ரத்தம் உறையும். அந்த நீரின் பிசிவியை உடம்பின் பிசிவியோடு ஒப்பிட்டும் சொல்லுவார்கள்.

எடுத்த நீரை வெறுமனே கொட்டிவிடாமல், அதிலுள்ள அணுக்களைப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதில் புற்றணு தெரியவில்லை என்றாலும் புற்றுநோய் இல்லை என்று ஆகிவிடாது. ரத்தக்குழாய்ப் புற்றுநோயின் அணுக்கள் நீரில் அபூர்வமாகத்தான் உதிரும்.

7. நெஞ்சு எக்ஸ்ரே, மாதிரி எடுப்பதற்கு முன்

வயிற்றுக் கட்டிக்கு நெஞ்சை ஏன் படம் எடுக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நுரையீரலுக்குப் பரவியிருந்தால் பெரிய அறுவை சிகிச்சைக்கு நாயை உட்படுத்துவதா என்ற முடிவே மாறும். வலப்பக்கம் படுத்து ஒன்று, இடப்பக்கம் படுத்து ஒன்று, மல்லாந்து ஒன்று, ஆக மூன்று படம் வேண்டும். ஒரு பக்கம் படுத்தால் கீழே அழுந்தும் நுரையீரலில் சிறிய முடிச்சுகள் மறைந்துவிடும். மண்ணீரல் கட்டி என்றால் இதய ஸ்கேனும் கேளுங்கள், இதே புற்றுநோய் இதயத்தின் வலது மேலறையிலும் வரும்.

இங்கே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அடுத்த பரிசோதனையின் விடை எதுவாக இருந்தாலும் நாம் செய்யப்போவது ஒன்றுதான் என்றால் அந்தப் பரிசோதனை தேவையில்லை. 14 வயது நாயை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகப் போவதில்லை என்று குடும்பம் முடிவு செய்தால், அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் வழியைக் கேளுங்கள். அதில் தவறே இல்லை.

8. எங்கே போவது

முதல் சோதனை, ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் உள்ளூர் கால்நடை மருத்துவரிடமோ அரசு கால்நடை மருத்துவமனையிலோ தொடங்கலாம். சி.எம்.சி. இருக்கும் ஊர் என்பதால் வெளியூர் உறவினர்கள் 'அங்கேயே காட்டுங்களேன்' என்பார்கள்; அது மனிதர்களுக்கான மருத்துவமனை. ராணிப்பேட்டையில் இருக்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தடுப்பூசி தயாரிக்கும் இடம்.

அறுவை சிகிச்சை, திசுப் பரிசோதனை என்று வந்தால் பெரும்பாலும் சென்னை வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் போகிறோம். சுமார் 140 கி.மீ. காட்பாடி, குடியாத்தம் பக்கத்தவர்களுக்குச் சித்தூர் வழியாகத் திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரம்தான். வெயில் ஏறுமுன் போய்ச்சேர விடியற்காலையில் கிளம்புங்கள். மண்ணீரல் கட்டி உள்ள நாயை இருக்கையில் குதித்து ஏற விடாதீர்கள், வயிற்றை அழுத்தாமல் நெஞ்சுக்கும் தொடைக்கும் கீழே கைகொடுத்துத் தூக்குங்கள். கட்டி வெடிக்க ஒரு குலுக்கல் போதும்.

9. மாதிரி எடுப்பது: ஸ்டீராய்டுக்கு முன்

முழுக் கட்டுரையிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். நிணநீர்ப் புற்றுநோய் என்ற சந்தேகம் இருக்கும்வரை, மாதிரி எடுக்காமல் பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு தொடங்கக் கூடாது. ஸ்டீராய்டு போட்டதும் நாய் சாப்பிடும், துள்ளும், முடிச்சுகள் சுருங்கும். வீடே நிம்மதி அடையும். ஆனால் அதன்பின் எடுக்கும் மாதிரியில் நோய் பிடிபடாமல் போகலாம், பின்னால் கொடுக்கும் கீமோவுக்கும் நோய் சரியாக மசியாமல் போகலாம். 'தெம்புக்கு ஒரு ஊசி' என்று யாராவது சொன்னால், அது என்ன ஊசி, ஸ்டீராய்டா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

மெல்லிய ஊசியால் அணுக்களை உறிஞ்சி எடுப்பது எளிது. நிணநீர்ப் புற்றுநோய், கல்லீரல், வீங்கிய முடிச்சுகள் இவற்றில் நல்ல விடை கிடைக்கும். எடுக்குமுன் பிளேட்லெட்டும் ரத்தம் உறையும் திறனும் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு இடங்களில் இந்த ஊசி பொருந்தாது. ஒன்று, ரத்தக் குழிகள் நிறைந்த மண்ணீரல் கட்டி: குத்தினால் கசியலாம், வருவதும் பெரும்பாலும் வெறும் ரத்தம்தான். பரவல் இல்லை என்றால் மண்ணீரலையே எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவதுதான் வழக்கம். இரண்டு, சிறுநீர்ப்பைக் கட்டி: வயிற்றின் வழியே குத்தினால் ஊசி வந்த தடத்திலேயே புற்றணு விதைந்துவிடலாம். அங்கே சிறுநீர்க் குழாய் வழியாகத்தான் மாதிரி எடுப்பார்கள்.

10. மாதிரியைக் கெடாமல் அனுப்புவது

நல்ல அறுவை சிகிச்சைக்குப் பிறகும் விடை கிடைக்காமல் போவது இங்கேதான். திசுவை 10 சதவீத பார்மலினில், திசுவைப் போல் பத்து மடங்கு அளவு திரவத்தில் போட வேண்டும். ஸ்பிரிட்டிலோ உப்புத் தண்ணீரிலோ போடக் கூடாது, பிரீசரில் வைக்கவே கூடாது.

வாய் அகன்ற பாட்டில் கொண்டுபோங்கள். மெத்தென்ற திசு குறுகிய வாய் வழியே உள்ளே வழுக்கிப் போய்விடும். பார்மலினில் இறுகிய பிறகு பாட்டிலை உடைத்தால்தான் வெளியே வரும். பார்மலின் ஒரு நாளில் சுமார் 1 செ.மீ. ஆழம்தான் ஊறும். தடித்த துண்டை முழுதாகப் போட்டால் நடுப்பகுதி அழுகிவிடும், அதனால் ரொட்டி போலக் கீறி விடுவார்கள்.

மண்ணீரல் என்றால் முடிந்தவரை முழுவதையும் அனுப்புங்கள், இல்லையென்றால் பல இடங்களிலிருந்து, குறிப்பாகக் கட்டியும் நல்ல திசுவும் சேரும் விளிம்பிலிருந்து துண்டுகள் வேண்டும். நடுவில் ரத்தக்கட்டி மட்டுமே இருக்கும். அணுக்கள் தேய்த்த ஸ்லைடுகளை பார்மலின் பாட்டிலோடு ஒரே பையில் போடாதீர்கள். அதன் ஆவி பட்டாலே சாயம் சரியாகப் பிடிக்காது.

பாட்டிலின் மேல், மூடியில் அல்ல, நாயின் பெயர், தேதி, உறுப்பு எழுதி ஒட்டுங்கள். மூடி மாறிவிடும். கூடச் செல்லும் தாளில் வயது, இனம், ஸ்கேனில் கண்டது, கட்டி வெடித்திருந்ததா, ஸ்டீராய்டு போட்டதா என்பதெல்லாம் இருக்கட்டும்.

11. அறிக்கை வந்ததும்

நோயின் பெயரை முதலில் பாருங்கள், ஏனென்றால் அடுத்த வழி அதைப் பொறுத்தது. நிணநீர்ப் புற்றுநோய் கீமோவுக்கு இணங்கக்கூடியது. கல்லீரலில் ஒரே பெரிய கட்டியாக வரும் வகையை முழுதாக எடுத்துவிட்டால் நாய் வருடக்கணக்கில் வாழலாம். மண்ணீரல் ரத்தக்குழாய்ப் புற்றுநோய் என்றால், கட்டியை எடுத்தாலும் பேச்சு மாதக்கணக்கில்தான்.

அடுத்து, வெட்டிய விளிம்பில் புற்றணு இருக்கிறதா, அணுக்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்ற குறிப்புகளை டாக்டரோடு உட்கார்ந்து படியுங்கள்.

அறிக்கையில் 'ரத்தக்கட்டு மட்டும்' என்று வந்து, நாய்க்கோ உள்ளே ரத்தம் கசிந்திருந்தால், அந்த நிம்மதியோடு நிறுத்திவிடாதீர்கள். மீதித் திசுவை லேப் வைத்திருக்கும். வேறு இடங்களிலிருந்தும் சீவிப் பார்க்கும்படி டாக்டர் வழியாகக் கேளுங்கள். அதையும் பார்த்த பிறகு அதே விடை வந்தால் நம்பலாம். தையல் பிரித்த பிறகு, அடுத்த ஸ்கேன் எப்போது என்று தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.